படமா, எழுத்தா: எந்த வேலைக்கு எது?

ஒரு விஷயத்தை அடுத்தவருக்குப் புரியவைக்க வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பக்கம், அல்லது ஒரு திரை, அல்லது சுவரில் மாட்டும் ஒரு பலகை. அதில் படம் போடுவதா, எழுதுவதா? பாடப்புத்தகம் தயாரிப்பவர், செய்முறைத் தாள் எழுதுபவர், அறிக்கை தயாரிப்பவர், செய்தி ஆசிரியர் என்று பலருக்கும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பாதிப் பேர் 'ஆயிரம் சொல்லுக்கு ஒரு படம் சமம்' என்று சொல்லிவிட்டுப் படத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். விவாதம் அதோடு முடிந்துவிடும்.

அந்த வரியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1921-இல் பிரெட் பார்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரர், விளம்பரத் துறைப் பத்திரிகை ஒன்றில் 'ஒரு பார்வை ஆயிரம் சொல்லுக்குச் சமம்' என்று எழுதினார். அவருடைய தொழில் டிராம் வண்டிகளில் வைக்கும் விளம்பரங்கள். 1927-இல் அதே வரியைச் சற்று மாற்றி, ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கி, சீனப் பழமொழி என்று முத்திரையும் குத்தி மறுபடி வெளியிட்டார். பழமொழி என்றால் மறுபேச்சு இருக்காதல்லவா. மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்கிறது என்று இன்னொரு கணக்கும் உலவுகிறது. தேடிப் போனால் அதற்குப் பின்னால் ஆய்வு என்று எதுவும் கிடையாது.

அதற்காகப் படத்தின் பலம் பொய் என்று ஆகிவிடாது. நினைவில் தங்குவதில் படத்தை மிஞ்ச ஆள் இல்லை. லயனல் ஸ்டாண்டிங் என்ற உளவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் 10,000 படங்கள் வரை காட்டிப் பார்த்தார். பிறகு, பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் சேர்த்து வைத்து, எது முன்பு பார்த்தது என்று கேட்டார். பத்துக்கு எட்டுக்கும் மேல் சரியான பதில் வந்தது. இத்தனை படங்களில் எது எது என்று நமக்கே தெரியாமல் மனசு சேர்த்து வைத்துக்கொள்கிறது.

ஆனால் நினைவில் நிற்பது ஒன்று, என்ன சொல்ல வந்தது என்று விளங்குவது இன்னொன்று. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்குள் சொற்களில் அடங்காத அளவு விஷயம் இருக்கிறது. அதில் எது முக்கியம், எதை நம்பலாம் என்பதை மட்டும் படம் வாய் திறந்து சொல்வதே இல்லை. அதைச் சொல்வது பக்கத்தில் இருக்கும் ஒரு வரி. அந்த வரியை யார் எழுதுகிறாரோ அவர் கையில்தான் படமும் இருக்கிறது.

படம் தெளிவாக ஜெயிக்கும் இடம்

கப்பல்காரர்கள் போடும் பௌலைன் முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்தாலும் நெரிக்காத கண்ணி அது. எழுத்தில் சொன்னால் இப்படி வரும்: கயிற்றில் ஒரு சிறு வளையம் போடுங்கள். நுனியை அடியிலிருந்து வளையத்துக்குள் மேலே கொண்டுவாருங்கள். நீளக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே மறுபடி வளையத்துக்குள் இறக்குங்கள். இறுக்குங்கள்.

இதில் எதுவும் தப்பில்லை. ஆனாலும் இதை மட்டும் படித்துவிட்டு முடிச்சுப் போட உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வோம். வளையம் போடும்போது நுனிப் பக்கம் மேலே வர வேண்டுமா, அடியில் போக வேண்டுமா? நான் சொல்லவில்லை. அது மாறினால் முடிச்சு விழாது, இழுத்ததும் அவிழ்ந்துகொள்ளும். சரி, அதையும் எழுதிவிடலாம் என்றால், 'பின்னால்' என்பது யாருக்குப் பின்னால் என்ற கேள்வி வரும். இப்படியே ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போனால் பக்கம் நிறைந்துவிடும். மூன்று கோட்டோவியம் போதும், விஷயம் முடிந்தது. எது எதன்மேல் இருக்கிறது, எது எங்கே வளைகிறது, இரண்டும் எவ்வளவு தூரம் என்பவை கேள்வியாக இருந்தால் எழுத்தோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. லெகோ கட்டைகளோடு வரும் செய்முறைப் புத்தகத்தில் படிகளை விளக்க எழுத்தே இருக்காது. உலகம் முழுக்கக் குழந்தைகள் அதைப் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு படியும் 'எந்தக் கட்டை, எந்த இடம்' என்பதோடு முடிந்துவிடுவதால் அது சாத்தியமாகிறது.

எண்களிலும் படத்துக்குத் தனி மவுசு உண்டு, நியாயமாகவே. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள்; ஜோடியில் முதல் எண் எக்ஸ், இரண்டாவது ஒய். நான்கிலும் எக்ஸின் சராசரி 9. ஒய்யின் சராசரி 7.5. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு சுமார் 0.816. பொருத்தி வரையும் நேர்கோடுகூட ஒன்றேதான். இந்தச் சுருக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், நான்கும் ஒரே கதை என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். வரைந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதலாவதில் புள்ளிகள் கோட்டைச் சுற்றி வழக்கம்போலச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவது அழகாக வளைந்து இறங்கும் வில். மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் தனியாக மேலே எகிறி நிற்கிறது. நான்காவதில் எல்லாப் புள்ளிகளும் எக்ஸ் 8 என்ற இடத்தில் தூணாக அடுக்கப்பட்டிருக்க, ஒரே ஒரு புள்ளி 19-இல் போய் உட்கார்ந்துகொண்டு மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. எவ்வளவு பெரிய நிபுணரும் சராசரியை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. படம் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

வரைபடம் ஏமாற்றாதா என்றால், நன்றாகவே ஏமாற்றும். அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் நடுவில் தொடங்கினால் மேடு மலையாகிவிடும். இரண்டு மடங்கு என்று காட்ட ஒரு ஆள் உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் கூடவே வளர்ந்து, பரப்பு நான்கு மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பை. 1920-களில் வியன்னாவில் படப் புள்ளிவிவர முறையை உருவாக்கிய ஓட்டோ நொய்ராத் இதனால்தான் ஒரு விதி வைத்தார்: எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே அளவில் இன்னும் சில உருவங்களைச் சேர். இன்றைக்கும் பலர் கண்டுகொள்ளாத விதி.

ஒரு காலராப் படத்தின் கதை

படத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டுச் சொல்லச் சொன்னால் பலரும் ஜான் ஸ்னோவின் வரைபடத்தைத்தான் சொல்வார்கள். 1854, லண்டனின் சோஹோ பகுதி. ஆகஸ்ட் கடைசியில் காலரா வெடித்து, சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மருத்துவர் ஸ்னோ, ஒவ்வொரு சாவுக்கும் அந்த வீட்டின் முன் ஒரு சிறு கருப்புப் பட்டை என்று தெருப்படத்தில் குறித்தார். பட்டைகள் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிக் குவிந்தன. படத்தைப் பார்த்ததும் அதிகாரிகளுக்கு உண்மை விளங்கியது, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது, ஊர் பிழைத்தது. இப்படித்தான் கதை போகும்.

நடந்த வரிசை வேறு. ஸ்னோ முதலில் செய்தது இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி மாலை அந்தப் பகுதி நிர்வாகக் குழுவிடம் பேசினார். மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தப் புகழ்பெற்ற படம் அச்சில் வந்தது 1855-இல். குழுவைச் சம்மதிக்க வைத்தது அவர் வாய்ப்பேச்சு.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். அவர்களிடம் அதே படத்தைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? ஆமாம், அந்த இடத்தில் காற்று கெட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் அங்கே குவிந்திருக்கிறது என்பார்கள். படம் அதற்கும் தலையாட்டும். இறந்தவர்கள் பம்பைச் சுற்றி இருந்தார்கள் என்பதைத்தான் பட்டைகள் காட்டுகின்றன. நீரா, காற்றா என்பது அந்தப் பட்டைகளில் இல்லை.

வழக்கைத் தீர்த்தது படத்தில் பொருந்தாத ஆட்கள். பம்புக்கு அருகிலேயே ஓர் ஏழையர் விடுதி, 535 பேர். சுற்றிலும் வீடு வீடாகச் சாவு விழ, அங்கே காலராவால் இறந்தவர்கள் 5 பேர்தான். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு மதுவடிசாலை, எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்பு நீர் பக்கமே போவதில்லை. இவர்கள் சுவாசித்ததும் அதே காற்றுதான். இன்னொரு பக்கம், சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் நோயில்லை. விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசிக்குப் பழகியவர், தினமும் ஒரு பாட்டில் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். ஸ்னோவின் வரைபடத்துக்குள் அந்த வீடே வராது.

இதை வைத்து ஸ்னோவின் படம் வீண் என்று சொல்ல வரவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்று அப்படிப்பட்ட படம் விரல் நீட்டும். தோண்டினால் கிடைப்பதை எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணத்தை நிறுவ வேண்டிய அறிக்கையில் வரைபடத்தை ஒட்டிவிட்டு 'படத்தைப் பார்க்கவும்' என்று நகர்ந்துவிடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூதாட்டிதான் ஞாபகத்துக்கு வருவார்.

படத்துக்கு வராத சொற்கள்

இல்லை. ஆனால். மட்டும். ஏனென்றால். ஒருவேளை. இவற்றில் ஒன்றையாவது வரைந்து பாருங்கள்.

காலி நாற்காலியைப் படம் காட்டும். வரவேண்டியவர் யார், அவர் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அதில் கிடையாது. புகைபிடிக்கக் கூடாது என்ற பலகையில் சிகரெட்டின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருப்பார்களே, அந்தக் கோடு படமே இல்லை. அது 'கூடாது' என்ற சொல்லுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஓர் எழுத்து. தெரியாதவருக்கு அது சிகரெட்மேல் விழுந்த கம்பி.

தத்துவவாதி விட்கென்ஸ்டைன் ஒரு சின்ன எடுத்துக்காட்டு சொன்னார். செங்குத்தான பாதையில் கைத்தடி ஊன்றி ஏறும் முதியவரின் படம். அவர் ஏறுகிறார் என்று எப்படித் தெரியும்? அதே நிலையில் கீழே சறுக்கிக்கொண்டிருந்தாலும் படம் அப்படியேதானே இருக்கும்? நாம் ஏறுவதாகப் பார்ப்பது நம் பழக்கம். படம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

தத்துவம் இருக்கட்டும், மருந்துச் சீட்டுக்கு வாருங்கள். 'காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒன்று. அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது ஆக வேண்டும். ஒரு நாளில் நான்குக்கு மேல் கூடாது.' இதைப் படமாக்கச் சொன்னால் ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், நான்கு மாத்திரை, ஒரு பெருக்கல் குறி வரும். பார்ப்பவர் நான்கு மாத்திரையையும் சேர்த்து ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம்தானே வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் எழுத்துக்குப் பதிலாக இன்னொருவர் வாயால் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, நினைவுக்குப் படம் கொடுத்தால் நல்லது. வெறும் படத்தை நீட்டிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று இருப்பதுதான் ஆபத்து.

எச்சரிக்கைக் குறிகளும் இதே பாட்டைப் பட்டவைதான். கதிரியக்கத்துக்கான மூவிதழ்க் குறி 1946-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தது. விஷயம் தெரிந்தவருக்கு அது அபாயம், தெரியாதவருக்கு விசிறியோ பூவோ. அதனால்தான் 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவும் சேர்ந்து கூடுதலாக ஒரு குறியைக் கொண்டுவந்தன: மூவிதழிலிருந்து கிளம்பும் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். அதையும் 11 நாடுகளில் மக்களிடம் காட்டிப் பார்த்த பிறகே வெளியிட்டார்கள். மண்டையோட்டுக்கும் ஒரு பழைய வம்பு உண்டு. நஞ்சுப் புட்டியில் அது இருந்தால் பெரியவர்கள் ஒதுங்குவார்கள். குழந்தைகளுக்கோ அது கடற்கொள்ளையர் விளையாட்டு. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் நஞ்சுத் தடுப்பு மையம் 1971-இல் அதற்குப் பதிலாக, நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் பச்சை நிற முகத்தைக் கொண்டுவந்தது அதனால்தான்.

பக்கத்து வரியின் அதிகாரம்

இரண்டு வட்டம், நடுவில் சிறு கோடு. இது என்ன? கார்மைக்கேல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1932-இல் இப்படிப்பட்ட உருவங்களைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் 'மூக்குக்கண்ணாடி' என்றார்கள், இன்னொரு குழுவிடம் அதையே 'டம்பெல்' (உடற்பயிற்சிக்குத் தூக்கும் எடை) என்றார்கள். பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, உருவம் கேட்ட பெயரின் பக்கம் சாய்ந்தது. ஒருவருக்குக் கோடு மூக்கில் உட்காரும் வளைவானது. மற்றவருக்கு அது தடித்த பிடியானது. பார்த்தது ஒரே உருவம்.

1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார்கள் மோதும் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, ஒரு கேள்வியில் ஒரே வினைச்சொல்லை மாற்றினார்கள். சிலரிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'நொறுக்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டால், முதல் குழுவில் 50-க்கு 7 பேரும் இரண்டாம் குழுவில் 50-க்கு 16 பேரும் 'ஆமாம்' என்றார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கண்ணால் கண்டதே சாட்சி என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செய்திப் படங்களில் இது இன்னும் கனமானது. 1993 மார்ச்சில், சூடானில் பஞ்சத்தில் தரையில் சுருண்டு கிடக்கும் குழந்தையும் பின்னால் நிற்கும் கழுகுமாக கெவின் கார்ட்டர் எடுத்த படம் நியூயார்க் டைம்ஸில் வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. படம் வந்தவுடன் வாசகர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: குழந்தை என்ன ஆனது? அதற்குப் பத்திரிகை தனியாக ஓர் ஆசிரியர் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது. பெண் குழந்தை என்றுதான் எழுதினார்கள். அது ஆண் குழந்தை என்பது பல வருடங்களுக்குப் பிறகே வெளியே வந்தது. உலகமே பார்த்த படம், ஆனால் அதில் இருப்பது யார், அடுத்த நிமிடம் என்ன நடந்தது என்ற இரண்டையும் அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்க்கட்சிக்கு அதன் பங்கைக் கொடுக்காவிட்டால் தப்பு. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதாக எழுத்தில் வந்த செய்திகள் 2003-லேயே உண்டு. 2004 ஜனவரியில், கைதிகள் நடத்தப்படும் விதம் பற்றி விசாரிக்கிறோம் என்று ராணுவமே அறிக்கை விட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏப்ரல் 28 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் புகைப்படங்கள் வந்தன, அப்புறம்தான் உலகம் கொதித்தது. அதே உண்மை, எழுத்தில் மாதக்கணக்காகக் கிடந்தது. 'நடக்கவில்லை' என்று சாதிப்பவரை வாயடைக்க வைக்க, உலுக்க, எழுத்து எவ்வளவு முயன்றாலும் படத்தின் பக்கத்தில் வர முடியாது. உத்தரவு எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று கண்டறியும்போது மறுபடி காகிதக் கட்டுகளுக்குத்தான் போனார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

வடிவம், இடம், போக்கு, நிறம், முகம்: படம். நிபந்தனை, காரணம், விதிவிலக்கு, மறுப்பு, வாக்குறுதி: எழுத்து. வாக்குறுதி என்றதும் ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. கனடாவின் சஸ்காட்சுவானில் ஒரு விவசாயிக்கு, ஒப்பந்தத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி உறுதிசெய்யச் சொன்னார்கள். அவர் கட்டைவிரல் உயர்த்தும் எமோஜியைத் திருப்பி அனுப்பினார். 'கிடைத்தது என்ற அர்த்தத்தில் போட்டேன்' என்றார் அவர், 'சம்மதம்' என்றது எதிர்த்தரப்பு. 2023-இல் நீதிமன்றம் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. ஒரு சொல் எழுதியிருந்தால் வழக்கே இல்லை.

அடிக்கடி மாறும் விஷயமா? எழுத்தில் வையுங்கள், திருத்துவது எளிது. மொழிபெயர்க்க வேண்டுமா, தேடினால் கிடைக்க வேண்டுமா, பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்க வேண்டுமா? எழுத்தையே படமாக்கி ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓடும் வாகனத்திலிருந்து பார்க்க வேண்டிய பலகையா? யோசிக்கவே வேண்டாம், குறி போடுங்கள். ஓட்டுநர்கள் அதைப் பயிற்சியில் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள், அதனால் அது வேலை செய்கிறது.

இரண்டையும் சேர்த்துப் போட இடமிருந்தால், விளக்கம் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 'படம் 4-ஐப் பார்க்க' என்று மூன்று பக்கம் தள்ளி அலையவிட்டால் இரண்டின் பலனும் போய்விடும்.

எச்சரிக்கைக் குறிகளுக்கான அமெரிக்கத் தரவிதி ஒன்று நமக்கும் ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. அதன்படி, வெறும் குறியை மட்டும் பார்த்தவர்களில் 85 விழுக்காட்டினர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த நிபந்தனை: தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏதும் புரியாமல் விழிப்பவர் நின்று விசாரிப்பார், தலைகீழாகப் புரிந்தவர் நேராக உள்ளே போய்விடுவார். வைக்கப்போகும் படத்தை, விளக்க வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, விஷயம் தெரியாத சிலரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தலைகீழாகச் சொன்னாலும், எழுத்தைக் குறைக்கும் யோசனையை அன்றைக்குக் கைவிட்டுவிடலாம்.